கல் தொலைவும் காலத் தொலைவும்

முன்னுரை

வாழவந்தி நாட்டுச் சாலையோரத்தில் நின்றிருந்த முதியவர் ஒருவரிடம், "ஐயா, இங்கிருந்து நாமக்கல் எத்தனை கிலோமீட்டர் இருக்கும்?" என்று வினவினோம். அவர் சிறிது எண்ணிப் பார்த்து, "காலையிலே முதல் வண்டியைப் பிடிச்சா வெயில் ஏறுறதுக்குள்ளே போயிடலாங்க" என்று விடை பகர்ந்தார். நாம் கேட்டது தொலைவு. அவர் சொன்னது நேரம். அவர் நம் வினாவைப் பிழையாகக் கேட்டுவிட்டார் என்றே அப்போது எண்ணினோம். பிழை நம் வினாவில்தான் இருந்தது என்பதை உணர நமக்குச் சில திங்கள் தேவைப்பட்டன.

அதற்கு முன் நிகழ்ந்த ஒன்றை ஈண்டுக் கூறுதல் வேண்டும். கொல்லிமலையின் வாழவந்தி நாட்டிலிருந்து வந்து நம் கல்லூரியில் தமிழ் பயின்ற மாணவர் ஒருவர் இருந்தார். ஐப்பசித் திங்களில் ஒரு திங்கட்கிழமை. உள்மதிப்பீட்டுத் தேர்வு பத்து மணிக்குத் தொடங்கியது. அவர் பதினொன்றரை மணிக்கு, முழங்கால்வரை சேறு படிந்த கால்சட்டையோடு வகுப்பு வாயிலில் வந்து நின்றார். நாம் அவரை உள்ளே விடவில்லை. "உன் ஊர் நாமக்கல்லுக்குப் பக்கந்தானே? இலண்டனிலிருந்து பாரிசுக்குப் போகிறவன்கூட உனக்கு முன்னே போய்ச் சேர்ந்துவிடுவான்" என்றோம். வகுப்பு சிரித்தது. அவரும் தலைகுனிந்தபடி சிரித்தார். பின்னர் மெல்ல, "உண்மைதாங்க ஐயா, அவங்க முன்னாடியே போயிடுவாங்க" என்றார்.

அவர் சொன்ன சொல்லில் குறும்பு ஏதுமில்லை, அது கணக்கு. அந்தக் கணக்கை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொலைவு மூவகை

இரண்டு ஊர்களுக்கு இடையிலுள்ள தொலைவு என்று நாம் பொதுப்படச் சொல்வது உண்மையில் ஒன்றன்று, மூன்றாகும். ஒன்று, நேர்கோட்டுத் தொலைவு. பறவை பறக்கும் வழி என்று கொள்ளலாம். இரண்டு, பாதைத் தொலைவு. சாலையோ இருப்புப்பாதையோ வளைந்து சென்று முடியும் நீளம் இது. மூன்று, காலத் தொலைவு. புறப்பட்ட நேரத்திற்கும் சென்று சேர்ந்த நேரத்திற்கும் இடையில் மனிதன் தன் வாழ்நாளிலிருந்து கொடுக்கும் பொழுது இது.

நாம் வகுப்பில் எடுத்துக்காட்டாகச் சொன்ன இலண்டனையும் பாரிசையுமே எடுத்துக்கொள்வோம். இவ்விரு நகரங்களுக்கும் இடையே நேர்கோட்டுத் தொலைவு ஏறத்தாழ 344 கிலோமீட்டர். நடுவே கடல் கிடக்கிறது. 1994இல் அக்கடலுக்கு அடியில் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் நீளமுள்ள சுரங்கப்பாதை திறக்கப்பட்டது. அதன் வழியே செல்லும் தொடர்வண்டி கடக்கும் பாதை ஏறத்தாழ 492 கிலோமீட்டர். நேர்கோட்டைக் காட்டிலும் பாதை ஒன்றரை மடங்குக்குச் சற்றுக் குறைவு. ஆயினும் அவ்வண்டி இரண்டேகால் மணி நேர அளவில் சென்று சேர்ந்துவிடுகிறது. வானூர்தி அட்டவணையில் ஒன்றேகால் மணி நேரம் காட்டப்படுகிறது.

இனி நாமக்கல்லையும் வாழவந்தி நாட்டுச் செம்மேட்டையும் எடுத்துக்கொள்வோம். நிலப்படத்தின்மேல் அளவுகோலை வைத்து அளந்தால் இரண்டிற்கும் இடையே இருபது கிலோமீட்டர் அளவே வரும். சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி, காரவள்ளி வழியாகச் செல்லும் சாலையோ ஐம்பது கிலோமீட்டரை ஒட்டியது. பாதை நேர்கோட்டைப்போல் இரண்டரை மடங்கு. பேருந்தில் ஆகும் நேரம் இரண்டு மணிக்கு மேல். ஆக, 344 கிலோமீட்டரைக் கடப்பவன் ஒன்றேகால் மணியில் போகிறான். 20 கிலோமீட்டரைக் கடப்பவன் இரண்டு மணிக்கு மேல் ஆகியும் வண்டியிலேயே இருக்கிறான். நம் மாணவர் சொன்னது இதைத்தான்.

நேர்கோடு என்பது யாது?

உருண்டையின்மேல் நேர்கோடு வரைய இயலாது. ஆதலால் நிலவுலகின்மேல் இரண்டு ஊர்களுக்கு இடையிலான மிகக் குறுகிய வழி ஒரு வில்லாகவே அமையும். ஓர் ஆரஞ்சுப் பழத்தை நடுவே சரிபாதியாக அறுத்தால் வெட்டு முகத்தின் விளிம்பில் ஒரு பெரிய வட்டம் கிடைக்கும். இரண்டு ஊர்களையும் தொட்டுச் செல்லும் அத்தகைய பெருவட்டத்தின் சிறுபகுதியே அவற்றின் குறுகிய வழியாகும். நிலவுலகின் ஆரம் ஏறத்தாழ 6,371 கிலோமீட்டர். பெருவட்டத்தின் ஒரு பாகை ஏறத்தாழ 111 கிலோமீட்டர். அப்பாகையை அறுபதாகப் பகுத்தால் கிடைக்கும் 1.852 கிலோமீட்டரே கடல் மைல் எனப்படுவது. கப்பலோட்டிகளும் வானூர்தி ஓட்டிகளும் இன்றும் இந்த அளவையே கையாள்கின்றனர்.

தட்டையான படத்தில் நேராகத் தோன்றும் வழி உருண்டையில் குறுகிய வழியாக இருப்பதில்லை. இதனை நமக்கு நெருக்கமான ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். கொல்லிமலையிலிருந்து மக்கமா நகர் ஏறத்தாழ 4,250 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. கடலோடிகள் கையாளும் தட்டைப் படத்தில் இரண்டையும் ஒரு கோட்டால் இணைத்தால், அக்கோடு நேர்மேற்கிலிருந்து வடக்கே ஏறத்தாழ 15 பாகை சாய்ந்து காணப்படும். உருண்டையின்மேல் பெருவட்டத்தைக் கணக்கிட்டாலோ 20 பாகை சாய்வு வரும். ஐந்து பாகை வேறுபாடு! தொழுகைக்குத் திசை காண வேண்டிய தேவை இருந்தமையால், இக்கணக்கு முற்காலத்திலேயே முசுலிம் அறிஞர்களின் கருத்தை ஈர்த்தது.

அவர்களுள் தலைசிறந்தவர் அல்-பிரூனி. 973ஆம் ஆண்டு குவாரிசம் பகுதியிற் பிறந்த இவர், நகரங்களின் இருப்பிடங்களையும் அவற்றிடையுள்ள தொலைவுகளையும் வரையறுப்பதற்கென்றே 1025இல் ஒரு நூலை நிறைவு செய்தார். கசினி நகரிலிருந்து மக்காவின் திசையைத் துல்லியமாகக் காண்பது அந்நூலின் நோக்கங்களுள் ஒன்று. அவருக்கு வானிலிருந்து அளக்கும் கருவி இல்லை. வணிகக் கூட்டத்தார் ஒட்டகத்தோடு நடந்து சொன்ன வழித்தொலைவே கைவசம் இருந்தது. ஆகவே அவர் அவ்வழித்தொலைவை எடுத்துக்கொண்டு, பாதையின் வளைவு நெளிவுகளுக்கென ஒரு பகுதியைக் கழித்து, எஞ்சியதை நேர்த்தொலைவாகக் கொண்டு கணக்கிட்டார். பாதைத் தொலைவும் நேர்த்தொலைவும் வேறுவேறு என்பதையும், ஒன்றிலிருந்து மற்றொன்றை அறியலாம் என்பதையும் அவர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நன்குணர்ந்திருந்தார். இன்றைய பாகிஸ்தானிலுள்ள நந்தனா என்னும் கோட்டைக்கு அருகே ஒரு குன்றின் உயரத்தை அளந்து, அதன் உச்சியிலிருந்து தொடுவானம் தாழ்ந்து தோன்றும் கோணத்தைக் கண்டு, நிலவுலகின் ஆரத்தையே கணக்கிட்டவரும் இவரே. அவர் கண்ட அளவு இன்றைய அளவிற்கு மிக நெருங்கியது என்பர்.

அல்-பிரூனி நம் கொல்லிமலைப் பாதையைக் கண்டிருந்தால் வளைவுக்கெனச் சிறுபகுதியைக் கழிப்பது போதாது என்றறிந்திருப்பார். ஐம்பதை இருபதாக்க வேண்டுமாயின் ஐந்தில் மூன்று பங்கைக் கழிக்க வேண்டும்.

நம் நாட்டில் நேர்த்தொலைவைக் கருவிகொண்டு அளக்கும் பெருமுயற்சி 1802ஆம் ஆண்டு சென்னைப் பரங்கிமலை அருகே தொடங்கியது. லாம்டன் என்னும் ஆங்கிலேய அளவையாளர் அங்கு ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றைச் சங்கிலியால் அளந்தார். பின்னர் அக்கோட்டை ஒரு பக்கமாகக் கொண்டு முக்கோணங்களாக நாடு முழுதும் விரித்துச் சென்றனர். ஒரு பக்கமும் இரு கோணங்களும் தெரிந்தால் முக்கோணத்தின் மற்றப் பக்கங்களை நடக்காமலே அறியலாம் என்பது பள்ளிச் சிறுவரும் அறிந்த வடிவ கணிதம். ஒரு குன்றின் உச்சியிலிருந்து மறுகுன்றின் உச்சி கண்ணுக்குத் தெரிந்தாற் போதும். இடையில் ஆறு கிடந்தாலும் காடு கிடந்தாலும் கவலையில்லை. மலைகள் அளப்பவனுக்குத் துணையாயின. நடப்பவனுக்கு அவை அவ்வாறு துணையாகவில்லை.

வானில் ஆகும் நேரம்

வானூர்தி மணிக்கு 800 முதல் 900 கிலோமீட்டர் வேகத்திற் பறக்கிறது. இக்கணக்கின்படி இலண்டனிலிருந்து பாரிசுக்குச் செல்ல 25 நிமிடம் போதும். அட்டவணை ஏன் ஒன்றேகால் மணி என்கிறது? அட்டவணையில் காட்டப்படும் நேரம், சக்கரத்தடை நீக்கப்பட்டு வானூர்தி நகரத் தொடங்கியதிலிருந்து, சென்ற இடத்தில் வாயிலருகே முற்றாக நிற்கும் வரையிலான நேரமாகும். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லுதல், முறைக்குக் காத்திருத்தல், மேலேறுதல், இறங்குதல், மீண்டும் ஊர்ந்து நிற்றல் ஆகிய அனைத்தும் அதனுள் அடங்கும். குறுந்தொலைவுப் பயணத்தில் முழு வேகத்தில் பறக்கும் பொழுது சிறிது. மற்றப் பணிகளுக்கான பொழுதே பெரிது. தொலைவு கூடக்கூட இவ்விகிதம் மாறும். அதனால்தான் தொலைவு இரு மடங்கானால் நேரமும் இரு மடங்காகும் என்று கூற இயலாது.

காற்றும் கணக்கிற்குள் வரும். நிலத்திற்கு மேலே 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி விரைவாக வீசும் காற்றோடைகள் உள்ளன. இலண்டனிலிருந்து நியூயார்க்கிற்கு மேற்கு நோக்கிச் செல்லும் வானூர்தி அக்காற்றை எதிர்த்துப் பறந்து ஏறத்தாழ எட்டு மணி நேரம் எடுத்துக்கொள்ளும். திரும்பி வரும்போது அதே காற்று பின்னிருந்து தள்ளுவதால் ஏழு மணிக்குட்பட்ட நேரத்திலேயே வந்துவிடும். தொலைவு மாறவில்லை, நேரம் மாறுகிறது. மலைப்பாதையிலும் இவ்வாறே, ஏறும் நேரம் வேறு. இறங்கும் நேரம் வேறு.

முன்பு இவ்வளவு விரைவும் இருந்ததில்லை. 1909ஆம் ஆண்டு சூலை 25ஆம் நாள் பிளேரியோ என்னும் பிரெஞ்சுக்காரர் அக்கடற்கால்வாயை முதன்முதலாக வானூர்தியில் கடந்தபோது ஏறத்தாழ 37 நிமிடம் ஆயிற்று. 1919 ஆகஸ்டு 25 அன்று இலண்டனுக்கும் பாரிசுக்கும் இடையே நாள்தோறும் பறக்கும் பயணிகள் வானூர்தி தொடங்கப்பட்டது. அந்த முதல் பயணத்திற்கு ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஆயிற்று. ஒரு நூற்றாண்டிற்கு முன் ஐரோப்பாவின் இரு தலைநகரங்களுக்கு இடையே ஆன நேரமும், இன்று நாமக்கல்லிலிருந்து செம்மேட்டுக்கு ஆகும் நேரமும் கிட்டத்தட்ட ஒன்றே என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

கடிகாரம் செய்யும் மயக்கம்

பயண நேரத்தைக் கணக்கிடுவோர் தவறும் இடம் மற்றொன்றுண்டு. இலண்டனின் கடிகாரம் பாரிசின் கடிகாரத்தைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியது. இலண்டனில் பத்து மணிக்குப் புறப்பட்டவர் பாரிசை அடையும்போது அங்கே பன்னிரண்டேகால். திரும்பும்போது பாரிசில் பத்து மணிக்குப் புறப்பட்டால் இலண்டனில் பத்தேகால்! சென்றது இரண்டேகால் மணி, வந்தது கால்மணி என்று தோன்றும். இரண்டும் ஒன்றேகால் மணியே. அட்டவணையிற் குறிக்கப்படுவன அவ்வவ்வூர்க் கடிகார நேரங்கள் என்பதை மறந்தால் இம்மயக்கம் வரும்.

நம் குடும்பங்களில் இதனை அறியாதார் குறைவு. திருச்சிக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர். பறக்கும் நேரம் நாலேகால் மணி அளவு. சிங்கப்பூர்க் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி முந்தியது. அங்கே காலை பத்து மணிக்குப் புறப்படும் மகன் திருச்சியில் இறங்கும்போது இங்கே பதினொன்றே முக்கால். ஒன்றே முக்கால் மணியில் பிள்ளை வந்துவிட்டான் என்று பாட்டிமார் வியப்பதுண்டு. அவர்தம் கணவன்மார் சென்ற காலத்தில் நிலைமை வேறு. நாகப்பட்டினத்தில் 'ரஜுலா' கப்பலேறிப் பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் சென்று சேர ஒரு வார அளவு ஆயிற்று. கடல் அதே கடல்தான். அன்றைய பிரிவு கடிதம் வரும்வரை நீண்டது.

நம் நாடு முழுமைக்கும் ஒரே கடிகாரம். அது கிழக்கு 82½ பாகைக் கோட்டை ஒட்டி வகுக்கப்பட்டது. செம்மேடு அதற்கு மேற்கே நாலு பாகைக்குச் சற்று மிகுதியாக உள்ளது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் வீதம், கொல்லிமலையில் ஞாயிறு உச்சிக்கு வரும் பொழுது கடிகாரத்தைவிடச் சராசரியாக 17 நிமிடம் பிந்தும். மலைவாழ் முதியவர் பொழுதைக் கடிகாரத்தாலன்றி வெயிலால் அளந்து சொன்னதில் குறை காண்பதற்கில்லை.

எழுபது வளைவுகள்

கொல்லிமலையின் மேல்தளம் கடல் மட்டத்திலிருந்து 1,000 முதல் 1,300 மீட்டர் உயரமுடையது. பதினான்கு நாடுகளாகப் பகுக்கப்பட்ட அம்மலையில் வாழவந்தி நாடும் ஒன்று. நாடு என்னும் பழந்தமிழ் நிலப்பிரிவின் பெயர் ஊராட்சிப் பெயராக இன்றும் வழங்கும் அரிய இடங்களுள் இது ஒன்றாகும். மலையடிவாரத்தில் உள்ளது காரவள்ளி. அடிவாரத்திற்கும் மேல்தளத்திற்கும் இடையே ஏறத்தாழ 900 மீட்டர் உயர வேறுபாடு உண்டு. அவ்வுயரத்தை ஏறப் பேருந்து 70 கொண்டையூசி வளைவுகளைக் கடக்கிறது.

இத்தனை வளைவு எதற்கு? விடை எளிது. கனமான வண்டி மூச்சு முட்டாமல் ஏறவும், தடை பிடித்து இறங்கவும் வேண்டுமாயின் சரிவு மிகுதல் கூடாது. 20 மீட்டர் முன்னேறினால் ஒரு மீட்டர் உயர்தல் என்பது மலைச்சாலைக்கு ஏற்ற சரிவு. இவ்விகிதத்தில் 900 மீட்டர் உயர 18,000 மீட்டர், அதாவது 18 கிலோமீட்டர் பாதை வேண்டும். மலைச்சரிவின் அகலமோ நான்கைந்து கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். நான்கைந்து கிலோமீட்டர் இடத்திற்குள் 18 கிலோமீட்டர் நீளமுள்ள பாதையை அடக்க வேண்டுமானால், துணியை மடிப்பது போலச் சாலையை மடித்து மடித்துத்தான் வைக்க வேண்டும். ஒவ்வொரு மடிப்பும் ஒரு கொண்டையூசி வளைவு. வளைவுதோறும் வண்டி வேகத்தை இழக்கிறது. எதிர்வரும் வண்டிக்கு ஒதுங்குகிறது. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம் கிடைத்தாலே மிகுதி. ஆகவே மலையேற மட்டும் ஒரு மணி நேரம். பேருந்து தொலைவை விற்று உயரத்தை வாங்குகிறது எனலாம்.

இது பேருந்தில் ஏறியவனின் கணக்கு. பேருந்து வரும் சாலைவரை நடந்து வருபவனின் கணக்கு வேறு. மலைமேல் ஊர்கள் நெருக்கமாக இல்லை. பள்ளத்தாக்கிற்கு அப்பால் கூப்பிட்டாற் கேட்கும் வீட்டிற்கு, இறங்கி ஏறிச் செல்ல அரைமணி ஆகும். மிளகும் காப்பியும் அன்னாசியும் பலாவும் விளைவிப்போர் அவற்றைச் சந்தைக்குத் தலைச்சுமையாகக் கொண்டுவந்த பாதைகள் இவை. விலை ஏறுமா இறங்குமா என்பதைச் சந்தை தீர்மானிக்கிறது. பழம் சந்தைக்குப் போகுமுன் கனிந்து கெடுமா என்பதைக் காலத் தொலைவு தீர்மானிக்கிறது. நோயுற்றவரையும் பேறுகாலத்துப் பெண்ணையும் தொட்டில் கட்டித் தோளிற் சுமந்து இறங்கியதை மலைமக்கள் நினைவுகூர்வர். அந்நேரத்தில் மருத்துவமனை எத்தனை கிலோமீட்டர் என்று எவரும் கேட்பதில்லை. எத்தனை நேரம் என்றே கேட்பர்.

பழந்தமிழர் அளவை

நம் முன்னோர் இவ்வேறுபாட்டை நன்கறிந்திருந்தனர். காதம் என்றும் கல் என்றும் நீளத்தை அளந்த தமிழர், 'கூப்பிடு தூரம்' என்று குரலாலும், 'நாழிகை வழி' என்று காலத்தாலும் தொலைவை அளந்தனர். நாழிகை என்பது 24 நிமிடம். அறுபது நாழிகை ஒரு நாள். ஒரு நாழிகைப் பொழுதில் நடந்து கடக்கும் வழி ஒரு நாழிகை வழி. சமவெளியில் அது நீளும். மேட்டில் அது சுருங்கும். அளவு மாறுபடுகிறதே என்று குறைகூறுவது தகாது. நடப்பவனுக்கு வேண்டிய செய்தியை அந்த அளவு தருகிறது.

ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகையே இதனை ஒட்டி எழுந்தது எனலாம். சென்று வந்தவன், செல்ல இருப்பவனுக்கு வழி சொல்லுதல் ஆற்றுப்படை. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம் 583 அடிகளையுடையது, பெருங்கௌசிகனார் இயற்றியது. நன்னனைக் காணச் செல்லும் கூத்தர்க்கு மலைவழியின் இயல்பை அது விரித்துரைக்கிறது. பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல்லுக்கு எவ்வாறு தப்புவது, பாம்பு உறையும் பள்ளம் எது, வழுக்கும் பாறையில் எதனைப் பற்றி ஏறுவது என்றெல்லாம் புலவர் எடுத்துரைக்கிறார். வழி எத்தனை காதம் என்பதைவிட, வழி எத்தகையது என்பதே அவருக்குப் பெரிதாயிற்று.

கொல்லி மலையும் சங்கப் புலவர்க்குப் புதிதன்று. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரி ஆண்ட மலை இது. அவனைக் காண மலையேறி வந்த பாணரும் புலவரும் எந்த வழியில், எத்தனை நாள் நடந்து வந்தனரோ! இன்று செம்மேட்டில் ஓரிக்குச் சிலை உண்டு. ஆடித்திங்களில் விழாவும் நிகழ்கிறது. காரவள்ளி வழியேயன்றி முள்ளுக்குறிச்சி வழியாகவும் இப்போது மலைமேல் வண்டி செல்கிறது.

நாம் சென்ற பயணம்

அம்மாணவர் தேர்வு எழுதாத அதே ஆண்டு, தைத்திங்களில், ஓரியின் மலையைக் காண மாணவர்களோடு சென்றோம். நாமக்கல்லில் வண்டியேறியபோது கடிகாரம் பார்த்தோம். காரவள்ளியைக் கடந்ததும் வளைவுகளை எண்ணத் தொடங்கினோம். இருபதுக்கு மேல் எண்ணிக்கை தவறிற்று. முப்பதாம் வளைவருகே மாணவர் இருவர்க்குக் குமட்டல் வந்தது. எதிரே மரம் ஏற்றிய லாரி வந்தபோது நம் வண்டி பின்னோக்கி நகர்ந்து ஒதுங்கிற்று. செம்மேட்டில் இறங்கியபோது இரண்டு மணி இருபது நிமிடம் கழிந்திருந்தது.

அங்கிருந்து அம்மாணவரின் ஊருக்கு நடந்து சென்றோம். அவர் முன்னே சென்றார். நாம் பின்னே மூச்சிரைத்துச் சென்றோம். அவர் தாயார் வீட்டு வாயிலில் நின்று, "வாங்க சார்" என்று வரவேற்றுத் தண்ணீர் கொடுத்துவிட்டு, "எத்தனை மணிக்குக் கெளம்புனீங்க?" என்று கேட்டார். எவ்வளவு தூரம் வந்தீர்கள் என்று கேட்கவில்லை. பேச்சினிடையே ஐப்பசியில் பெய்த மழையைக் குறிப்பிட்டார். மழையில் சாலையில் மண் சரிந்து வண்டி நின்றுபோன அந்தத் திங்கட்கிழமை, மகன் விடியலுக்கு முன் விளக்கெடுத்துக்கொண்டு நடைபாதையில் மலையிறங்கி, அடிவாரத்தில் வண்டி பிடித்ததைச் சொன்னார். "பரீட்சை எழுதிட்டானாங்க சார்?" என்றும் கேட்டார். மகன் வீட்டில் ஏதும் சொல்லவில்லை என்பதை அறிந்தோம். நாம் விடை சொல்லும் முன் அவரே குறுக்கிட்டு, "எழுதிட்டேம்மா" என்றார்.

திரும்பி வந்ததும் மறுதேர்வு வைக்க முயன்றோம். மதிப்பெண் பட்டியல் அதற்கு முன்பே பல்கலைக்கழகத்திற்குச் சென்றுவிட்டது. திருத்த வழியில்லை. அவர் பிற தேர்வுகளில் நன்கு எழுதிப் பட்டம் பெற்றார். ஆயினும் அந்த உள்மதிப்பீட்டு மதிப்பெண் நம் கணக்கில் கடனாகவே நிற்கிறது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், தொலைவு என்னும் ஒரு சொல்லுக்குள் மூன்று பொருள் அடங்கியிருத்தலைக் கண்டோம். நேர்த்தொலைவை நிலப்படம் சொல்லும். பாதைத் தொலைவைச் சாலைக்கல் சொல்லும். காலத் தொலைவை நடந்து வந்தவனே சொல்ல இயலும். இலண்டனும் பாரிசும் நெருங்கிவிட்டமைக்குக் காரணம் அவற்றிடையே நிலம் குறுகியமையன்று. சுரங்கமும் ஓடுபாதையும் அமைக்க எவரோ முன்வந்தமையே. ஆதலின் காலத் தொலைவு இயற்கை வகுத்தது மட்டுமன்று. மனிதர் கூட்டவும் குறைக்கவும் கூடியது.

நம் கல்லூரியில் மலையிலிருந்தும் கடற்கரைச் சிற்றூர்களிலிருந்தும் வரும் மாணவர் பலர். அவர்தம் வருகைப் பதிவேட்டில் தாமதம் என்று சிவப்பு மையால் குறிக்குமுன், எங்கிருந்து வருகிறாய் என்று கேட்பதோடு நில்லாமல், எப்போது புறப்பட்டாய் என்றும் ஆசிரியர் கேட்டல் நலம். மழை, மண்சரிவு போன்ற காரணத்தால் உள்மதிப்பீட்டுத் தேர்வைத் தவறவிட்டோர்க்கு, பட்டியல் அனுப்பப்படுமுன் ஒரு மறுவாய்ப்பு அளிக்க ஏற்பாடு வேண்டும் என்று துறைக் கூட்டத்தில் நாம் முன்மொழிந்திருக்கிறோம். பெரியோரும் ஆட்சிக் குழுவினரும் இதனைக் கருத்திற்கொள்ள வேண்டுகிறோம்.

வாழவந்தி நாட்டு முதியவரிடம் மீண்டும் வழி கேட்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டுமாயின், எத்தனை கிலோமீட்டர் என்று கேளோம். முதல் வண்டி எத்தனை மணிக்கு என்றே கேட்போம்.